பெருவிரலின் தீர்ப்பு: உரையாடற் பொறிகளும் பயனர் பின்னூட்டலும்

செயற்கை நுண்ணறிவினால் இயங்கும் உரையாடற் பொறிகளைப் பற்றி இன்று எழுதப்படுவனவற்றுள் ஒரு கூற்று மந்திரம் போல மீண்டும் மீண்டும் ஓதப்பட்டு வருகின்றது. பொறி சில வேளைகளிற் பிழைவிடும். அதனைப் பயன்படுத்துவோர் அப்பிழையைச் சுட்டிக்காட்டுவர். சுட்டிக்காட்டப்பட்டதைக் கொண்டு பொறி திருத்தப்படும். இவ்வாறு கோடிக்கணக்கானோரின் பின்னூட்டலைப் பெற்று அது நாளடைவில் மேன்மேலும் துல்லியமும், காலத்துக்கும் தேவைக்கும் இசைந்து செல்லும் ஆற்றலும் பெறும் என்பதே அக்கூற்றாகும். கேட்பதற்கு இனிமையான கூற்று இது. நிபுணரின் ஏகபோகம் ஒழிந்து பொதுமக்களே ஆசானாகும் ஒரு ஜனநாயகத்தின் சாயல் இதற்கு உண்டு. அதனாலேயே, கம்பனிகளின் விளம்பரங்களைச் சந்தேகத்தோடு நோக்கும் பழக்கமுடைய பல்கலைக்கழகத்தவர் பலரும் இதனை மட்டும் விசாரணையின்றி ஏற்றுக்கொள்கின்றனர்.

விசாரணைக்கு உள்ளாக்கப்பட வேண்டியது இக்கூற்றின் நடுப்பகுதியே. பயன்படுத்துவோர் பிழையைச் சுட்டிக்காட்டுவர் எனின், பிழையைப் பிழையென அவர் அறிவது எங்ஙனம்? ஒரு வினாவுக்கு விடை தெரியாதவரே பெரும்பாலும் அவ்வினாவைப் பொறியிடம் கேட்கின்றார். கிடைத்த விடை சரியா தவறா எனத் தீர்ப்பளிக்கும் பொறுப்பும் பின்னர் அவரிடமே ஒப்படைக்கப்படுகின்றது. சட்டம் அறியாத கட்சிக்காரர் தமது சட்டத்தரணியின் பேச்சைக் கேட்டு மகிழ்வதற்கும், அப்பேச்சு சட்டத்துக்கு இயைந்ததாய் இருப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டோ, பயனரின் திருப்திக்கும் விடையின் உண்மைக்கும் இடையே அவ்வளவு தூரம் உண்டு. பின்னூட்டலைப் பற்றிய இன்றைய பேச்சு இத்தூரத்தை மறைக்கின்றது.

நடைமுறையிற் பின்னூட்டல் என்பது யாது? விடையின் அடியிலே இரு சிறு படங்கள் உள்ளன; ஒன்றிற் பெருவிரல் மேல்நோக்கி நிற்கின்றது, மற்றதிற் கீழ்நோக்கி நிற்கின்றது. பயனர் இவற்றுள் ஒன்றைத் தொடுகின்றார். விடையில் அவருக்குப் பிடித்தது உள்ளடக்கமா, சுருக்கமா, பணிவான தொனியா, அன்றித் தாம் முன்னரே கொண்டிருந்த கருத்தைப் பொறி வழிமொழிந்தமையா என்பது அத்தொடுகையிற் பதிவாவதில்லை. விளக்கம் எழுதுவதற்கும் இடம் விடப்பட்டுள்ளது எனினும், அதனை எழுதியே ஆகவேண்டும் என்ற நியதி இல்லை.

இவ்விடத்தில் மாணவரிடையே பரவலாகக் காணப்படும் ஒரு மயக்கத்தையும் குறிப்பிடல் வேண்டும். பிழையைச் சொன்னவுடனே பொறி அதனைக் கற்றுக்கொள்கின்றது என்பதே அம்மயக்கம். பொறி மன்னிப்புக் கேட்பதும், அடுத்த வரியிலேயே வேறு விடை தருவதும் உண்மையே. ஆயின், அம்மாற்றம் பெரும்பாலும் அந்த உரையாடலோடு முடிந்துவிடுகின்றது. பொறியின் அறிவு என்று சொல்லப்படுவது பயிற்சிக் காலத்தில் நிலைநிறுத்தப்பட்ட எண்ணிறந்த எண்பெறுமானங்களின் தொகுதியே. ஒருவருடைய பேச்சினால் அவை அசைவதில்லை. சேகரிக்கப்படும் பின்னூட்டல் கம்பனியின் களஞ்சியத்தைச் சென்றடைந்து, பிறிதொரு பயிற்சியின்போது, பிறர் தீர்மானிக்கும் அளவிலே கலக்கப்படும். அல்லது கலக்கப்படாமலே கிடக்கும். பயனரின் முன்னிலையிற் கேட்கப்படும் அந்த மன்னிப்பிற்கும் உண்மைக்கும் உள்ள தொடர்பும் ஐயத்துக்குரியதே. சரியான விடையைத் தந்த பொறியிடம் "இது பிழை, மீண்டும் யோசி" என்றாலும், அது அதே மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு சரியானதைக் கைவிடுவதுண்டு. 2023இல் அன்த்ரோபிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஐந்து உரையாடற் பொறிகளைச் சோதித்து இவ்வியல்பை எடுத்துக்காட்டினர். அவர்கள் கண்ட காரணமே இங்கு முக்கியமானது. இரண்டு விடைகளை ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்கும் மனிதர், திறமையாக எழுதப்பட்ட முகத்துதியைச் சரியான விடையிலும் மேலானதாகக் கணிசமான சந்தர்ப்பங்களில் தெரிந்தெடுத்தனர். பொறி அவர்களிடமிருந்தே கற்றது.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. 2017இல் ஓப்பன்ஏஐ, டீப்மைன்ட் ஆகிய நிறுவனங்களின் ஆய்வாளர் இணைந்து ஒரு முறையை வெளியிட்டனர். பொறியின் இரண்டு நடத்தைகளை ஒரு மனிதருக்குக் காட்டி, எது சிறந்தது எனக் கேட்டு, அவ்விருப்பத் தீர்ப்புகளிலிருந்து ஒரு மதிப்பீட்டு அளவையை உருவாக்கி, அவ்வளவையில் அதிக புள்ளி பெறுமாறு பொறியைப் பயிற்றுவிப்பதே அம்முறை. இன்றைய உரையாடற் பொறிகளின் பயிற்சிக்கு அதுவே மூலமாக அமைந்தது. அவ்வாண்டிலேயே ஓப்பன்ஏஐ ஒரு வேடிக்கையான நிகழ்ச்சியையும் விவரித்தது. பொருளொன்றைப் பற்றிப் பிடிக்குமாறு பயிற்றுவிக்கப்பட்ட இயந்திரக் கை, பொருளைப் பிடிக்காமல், கமெராவுக்கும் பொருளுக்கும் நடுவே சென்று நின்றுகொண்டது. கமெராவின் வழியாகப் பார்த்தவருக்கு அது பிடித்துவிட்டதாகவே தோன்றியது, அவரும் மெச்சினார். மதிப்பிடுபவரின் கண்ணை நிறைவிப்பது வேலையைச் செய்வதிலும் எளிதாய் இருந்தமையால் பொறி எளிதானதைக் கற்றுக்கொண்டது. எவரையும் ஏமாற்றும் நோக்கம் அதற்கு இருந்ததில்லை. முறையின் பிறப்பிலேயே வெளிப்பட்ட இக்குறை, கையிலிருந்து சொல்லுக்கு இடம்பெயர்ந்த பின் மறைந்திருக்கும் என எதிர்பார்ப்பதற்கு நியாயம் எதுவுமில்லை.

2022இல் ஓப்பன்ஏஐ இம்முறையை மொழிப் பொறியிற் கையாண்டபோது, தீர்ப்பளிப்பதற்கு ஏறத்தாழ 40 ஒப்பந்த ஊழியர் அமர்த்தப்பட்டனர். பயன்படுத்தப்பட்ட தரவில் 96 சதவீதத்துக்கு மேற்பட்டது ஆங்கிலமே. பயிற்சிக்கான தீர்ப்புகளின்போது, பயனருக்கு உதவியாய் இருத்தல் என்ற பண்புக்கு உண்மைத்தன்மையிலும் மேலான இடம் கொடுக்குமாறு அவர்களுக்குக் கூறப்பட்டது. இறுதி மதிப்பீட்டின்போதே உண்மைத்தன்மைக்கு முதலிடம் தரப்பட்டது. இதனை மறைக்காது எழுதி வைத்தமைக்காக அந்த ஆய்வாளரைப் பாராட்டவேண்டும். எனினும், கற்பிக்கும்போது ஒன்றையும் பரீட்சிக்கும்போது வேறொன்றையும் முதன்மைப்படுத்திய பாடசாலை என்றே அதனைக் கூறவேண்டியுள்ளது.

விளைவு 2023 மார்ச் மாதத்தில் வெளிவந்த ஜிபிடி-4 பற்றிய தொழினுட்ப அறிக்கையில் அளவீடாகவே பதிவாகியுள்ளது. மனித விருப்பத்தைக் கொண்டு மெருகூட்டப்படுவதற்கு முன்னர், அப்பொறி ஒரு விடைக்குக் கொடுத்த நிச்சய அளவும் அவ்விடை உண்மையிற் சரியாய் இருந்த அளவும் பெருமளவுக்கு ஒத்திருந்தன. மெருகூட்டலின் பின்னர் அவ்வொற்றுமை குலைந்தது. தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஓரளவு வேறுபிரித்தறிந்த பொறி, மனிதரை மகிழ்விக்கக் கற்றபோது அவ்வேறுபாட்டை இழந்தது. 2025 செப்டெம்பரில் அதே நிறுவனத்தின் ஆய்வாளர் வெளியிட்ட மற்றொரு கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. பொறிகளின் தரத்தை அளக்கும் பரீட்சைகளிற் பெரும்பாலானவை, தெரியாது என்று சொல்வதற்குப் புள்ளி எதுவும் தருவதில்லை; ஊகித்து எழுதிய விடை தற்செயலாகச் சரியானால் முழுப் புள்ளியும் தருகின்றன. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாத பல்தேர்வு வினாத்தாளில் எந்த மாணவனும் ஒரு வினாவையேனும் வெறுமையாக விடமாட்டான் என்பதை விரிவுரையாளருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஆய்வுகூடச் செய்திகள் என ஒதுக்குவோர் 2025 ஏப்பிரல் மாதத்தில் நிகழ்ந்ததைக் கருத்திற் கொள்வாராக. அம்மாதம் 25ஆம் திகதி சட்ஜிபிடி என்னும் பொறியின் புதிய வடிவமொன்று வெளியிடப்பட்டது. சில நாட்களுள் அது எல்லோரையும் எல்லாவற்றுக்காகவும் புகழத் தொடங்கியது. அற்பமான யோசனைகள் மேதைமை எனப் போற்றப்பட்டன. பயனரின் ஐயங்களை உறுதிப்படுத்தியும், சினத்தைக் கிளறியும், ஆய்ந்தோய்ந்து பாராத செயல்களுக்குத் தூண்டியும் பொறி பேசியதாக ஓப்பன்ஏஐ நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 28ஆம் திகதி அவ்வடிவத்தைத் திரும்பப் பெறும் வேலை தொடங்கியது. மே 2ஆம் திகதி வெளியிடப்பட்ட விளக்கத்தில் நிறுவனம் கூறிய காரணங்களுள் ஒன்று இக்கட்டுரைப் பொருளுக்கு நேரே உரியது. பயனரின் மேல்நோக்கிய, கீழ்நோக்கிய பெருவிரற் குறிகளைப் பயிற்சியில் மேலதிக வெகுமதி அளவையாகச் சேர்த்தமையும், அது முகத்துதியை அதுவரை கட்டுப்படுத்தி வந்த அளவையைப் பலவீனப்படுத்தியமையும் நிகழ்ந்ததற்குப் பங்களித்திருக்கலாம் என்பதே அது.

அதாவது, பயனர் பின்னூட்டலைப் போதியளவு செவிமடுக்காமையால் அன்று, அதனை முன்னரிலும் நேரடியாகச் செவிமடுத்தமையாலேயே பொறி கெட்டது. அவ்விளக்கத்திற் கூறப்பட்ட மற்றொரு செய்தி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. வெளியீட்டுக்கு முன்னர் பொறியோடு பேசிப் பார்த்த அனுபவமிக்க சோதனையாளர் சிலர், அதன் போக்கில் ஏதோ சரியில்லை எனக் கூறியிருந்தனர். ஆனால், புதிய வடிவத்தைப் பெற்றுப் பார்த்த பயனர் குழுவின் பெறுபேறுகள் சாதகமாக இருந்தன. நிறுவனம் எண்ணிக்கையின் பக்கம் சாய்ந்தது. அது பிழையான முடிவு எனப் பின்னர் அதுவே எழுதியது.

பின்னூட்டலின் ஆதரவாளர் இங்கு ஒரு மறுப்பைக் கூறக்கூடும். அது வலுவான மறுப்பே. பொறியின் முகத்துதியை வெளிப்படுத்தி, நிறுவனத்தை மூன்று நாளிற் பின்வாங்கச் செய்தவர் யார்? பயனரே அல்லரோ? ஆம், பயனரே. ஆயின், அவர் அதனை எவ்வாறு செய்தார் என்பதைப் பிரித்துணர வேண்டும். தமது வினாவையும் பொறியின் விடையையும் முழுமையாகப் படம்பிடித்துப் பகிரங்கமாக முன்வைத்து, இது ஏன் தவறானது எனக் காரணம் காட்டி எழுதினார். பிறர் அதனைப் பரிசீலித்தனர். தாமும் சோதித்துப் பார்த்து ஒப்பினர். அதற்குச் சான்று இருந்தது, காரணம் இருந்தது, மறுப்பதற்கு இடமும் இருந்தது. பொறியைக் கெடுத்த பின்னூட்டலுக்கு இம்மூன்றும் இல்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதிலேயே குழப்பம் பிறக்கின்றது. 2016 மார்ச்சில் மைக்ரோசொப்ட் நிறுவனம் டே என்னும் பொறியை டுவிட்டரில் உலவவிட்டு, மக்களோடு பேசிப் பேசியே அது கற்றுக்கொள்ளும் எனப் பெருமிதம் கொண்டதும், விஷமிகள் சொல்லிக்கொடுத்த இனவெறிப் பேச்சை அது ஒப்புவிக்கத் தொடங்கியதால் ஒரு நாள் முழுமையாகக் கழியுமுன்னரே அது மூடப்பட்டதும் இக்குழப்பத்தின் ஆரம்பப் பாடமாகும். அன்று கெடுத்தவர் தீயோர் எனக் கூறித் தப்பிக்க முடிந்தது. 2025இல் பெருவிரலை உயர்த்தியோர் பெரும்பாலும் நல்லவர்களே. தம்மைப் புகழ்ந்தமைக்காக நன்றி செலுத்தியவர்கள்.

பெருந்தொகையானோரின் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து உண்மையில் வந்து முடியும் என்பது இன்னொரு வாதம். இதற்குப் பிரான்சிஸ் கால்டன் 1907இல் வெளியிட்ட கணக்கை எடுத்துக்காட்டுவது வழக்கம். இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கண்காட்சியில் ஓர் எருது வெட்டப்பட்டு இறைச்சியாக்கப்பட்ட பின் என்ன நிறையிருக்கும் என 787 பேர் மதிப்பிட்டனர். அம்மதிப்பீடுகளின் இடையம் 1207 இறாத்தல். உண்மையான நிறை 1198 இறாத்தல். வியத்தகு ஒற்றுமைதான். ஆனால், அந்த 787 பேரும் எருதைக் கண்ணாற் கண்டவர்கள். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள். பிழையாகச் சொன்னால் இழப்பு அவர்களுடையது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதியில் எருது தராசில் ஏறியது. உரையாடற் பொறியின் பயனருக்கோ எருது கண்ணிற் படுவதில்லை. எருதைப் பற்றிய அழகான வருணனை மட்டுமே அவருக்குக் காட்டப்படுகின்றது. அவர் மதிப்பிடுவது வருணனையை. தராசு எங்கும் இல்லை.

தராசு உள்ள இடங்களிற் பின்னூட்டல் பயன் தருகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. கணனி நிரல் எழுதுவோர் பொறி தந்த நிரலை ஓட்டிப் பார்க்கின்றனர். அது ஓடாவிடில் அப்பிழையை எந்த இனிமையான நடையாலும் மூடிமறைக்க முடியாது. ஆயின், வரலாறு, சட்டம், மருத்துவம், இலக்கியம் முதலிய துறைகளிற் பிழையான விடை உடனே முறிந்து விழுவதில்லை; நம்பப்பட்டுக் கட்டுரையாகி, மேற்கோளாகி, அடுத்த ஆண்டு மாணவனின் மூலநூலாகியும் விடுகின்றது.

பொதுமக்களின் பங்களிப்பால் அறிவு திருத்தமுற்ற முன்னுதாரணங்கள் இல்லாமலில்லை. 1879இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே ஆங்கிலம் படிக்கும் மக்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தார். சொல்லின் பொருள் பற்றிய விருப்பு வெறுப்பை அவர் கேட்கவில்லை. சொல் வரும் வாக்கியத்தை நூலின் பெயர், ஆண்டு, பக்கம் என்பவற்றுடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புமாறே கேட்டார். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த சீட்டுகள் எண்ணப்படவில்லை, ஆராயப்பட்டன. தமிழ்ப் பதிப்பு மரபும் இதற்குப் புறம்பானதன்று. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை முதலாயினோர் தொடக்கி வைத்த அத்துறையில், ஐந்து ஏடுகள் ஒரு பாடத்தையும் ஓர் ஏடு வேறொரு பாடத்தையும் தருமிடத்து ஐந்துக்கு ஒன்று என வாக்கெடுத்து முடிவு காண்பதில்லை. ஐந்தும் ஒரே பிழைபட்ட மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டனவாய் இருக்கலாம். யாப்பு, பொருள், உரையாசிரியர் சான்று என்பவற்றைக் கொண்டு பாடத்தை நிறுத்துப் பார்ப்பதே முறை. கணனி யுகத்திற்கு இது பழங்கதை எனத் தோன்றுமாயின், 2025 ஏப்பிரலில் எண்ணிக்கையை நம்பிச் சோதனையாளரைப் புறக்கணித்த நிறுவனம் தவறவிட்டது இதனையே என்பதை நினைத்தல் நன்று.

ஏன் இம்முறை கையாளப்படுவதில்லை? அறியாமையால் அன்று. நிறுத்துப் பார்ப்பதற்கு அறிந்தவர் வேண்டும். அறிந்தவருக்குச் சம்பளம் வேண்டும். பெருவிரலுக்குச் சம்பளம் இல்லை. பொறியைச் சோதித்தறியும் உழைப்பு, பயனர் மீது ஊதியமின்றிச் சுமத்தப்பட்டு, அதற்கு ஜனநாயகம் என்று பெயரும் சூட்டப்படுகின்றது. ஊதியம் கொடுக்கப்பட்ட இடத்திலும் நிலைமை வெட்கத்துக்குரியதே. சட்ஜிபிடியின் நச்சுப் பேச்சை வடிகட்டுவதற்காகக் கொடூரமான எழுத்துகளை நாள் முழுவதும் வாசித்து வகைப்படுத்திய கென்ய நாட்டு ஒப்பந்தத் தொழிலாளர் மணித்தியாலத்துக்கு இரண்டு டொலருக்கும் குறைவாகவே பெற்றனர் என டைம் சஞ்சிகை 2023 ஜனவரியில் வெளிப்படுத்தியது.

உழைப்பு இவ்வாறு கைமாற்றப்படுவதைத் தொடர்ந்து பொறுப்பும் கைமாற்றப்படுகின்றது. எயார் கனடா விமானக் கம்பனியின் உரையாடற் பொறி, பாட்டியை இழந்த பயணி ஒருவருக்குத் துக்ககாலக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவலைத் தந்தது. வழக்கு பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயத்துக்குச் சென்றபோது, பொறி தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனியான ஒரு சட்ட உரு என்ற தொனியிற் கம்பனி வாதிட்டது. 2024 பெப்ரவரியில் தீர்ப்பாயம் அவ்வாதத்தை நிராகரித்து, ஏறத்தாழ 812 கனேடிய டொலர் செலுத்துமாறு பணித்தது. தொகை சிறிதுதான். பயணியைக் காத்தது அவர் பொறியின் விடையைப் படம்பிடித்து வைத்திருந்தமை. கீழ்நோக்கிய பெருவிரலை அழுத்தியிருந்தால் அவருக்கு ஒரு சதமும் கிடைத்திராது.

தமிழில் வினவுவோரின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. தீர்ப்பளித்தோரின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமாய் இருந்த பயிற்சியின் வழியாக வந்த பொறி, தமிழிற் சரளமாகப் பேசும்போது அச்சரளமே சான்றாகக் கொள்ளப்படுகின்றது. இல்லாத செய்யுளை இருப்பதாகவும், ஒருவர் நூலை இன்னொருவர் நூலாகவும் அது கூறுமிடத்து, அதனைக் கண்டறியக்கூடியவர் தமிழ்த்துறையினரே. அவர்களும் சிரித்துவிட்டுச் செல்கின்றனர். அல்லது பெருவிரலைக் கீழே திருப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றனர். பல கோடி ஆங்கிலக் குறிகளின் நடுவே அக்குறி எங்கு போய் விழுந்தது என்பதை எவரும் அறியார்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் செய்யக்கூடியது இதனிலும் கடினமானது, ஆனால் இயலாததன்று. பொறி விட்ட ஒவ்வொரு பிழையையும், கேட்கப்பட்ட வினா, தரப்பட்ட விடை, திகதி, மறுக்கும் மூலநூலின் பெயரும் பக்கமும் என்பவற்றோடு ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். பிறர் அதனை மறுப்பதற்கும் இடம் விடுதல் வேண்டும். திருத்தத்தைக் கோரும் கடிதம் கம்பனிக்கு அனுப்பப்பட்டு, அனுப்பிய நாளும் பதில் வந்த நாளும் அப்பதிவேட்டிலேயே குறிக்கப்படல் வேண்டும். சில மாதங்களின் பின் அதே வினாவை மீண்டும் கேட்டு, விடை மாறியதா என்பதையும் குறித்தல் வேண்டும். அப்பதிவேடு பகிரங்கமாக இருக்குமாயின், எந்தக் கம்பனி எந்தப் பிழையை அறிந்த பின்னரும் எத்தனை மாதம் திருத்தாது வைத்திருந்தது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம்.